மாடி அறை காக்பிட்டுக்கு ரோட்டரி சுவிட்ச்: வாங்குவது முதல் வயரிங் வரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் அரைகுறையாக ஒரு செஸ்னா 172 (ஒற்றை எஞ்சின் சிறு விமானம்) நிற்கிறது. இறக்கை கிடையாது, சக்கரம் கிடையாது. சில்வர் ஓக் பலகையில் ஒரு சட்டம், மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் ஒரு முகப்பு, பின்னால் ஒரு பழைய மானிட்டர், அவ்வளவுதான். கணினியில் ஓடும் விமான சிமுலேட்டருக்காக நான் கட்டும் காக்பிட் (விமானி அறை) இது. திரையில் அது சேலம் விமான நிலையத்தின் கமலாபுரம் ஓடுபாதையிலிருந்து கிளம்பி, ஏற்காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடும்.

மவுஸை வைத்துக்கொண்டு விமானத்தின் சாவியைத் திருப்புவது, கையுறை போட்டுக்கொண்டு பூத்தொடுப்பது போன்றது. அதனால்தான் குமிழ்களை நிஜமாகவே பொருத்த ஆரம்பித்தேன். நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக, ஒரு பலகையை முதலிலிருந்து முடிவு வரை கட்டும் விதத்தை எழுதுகிறேன். மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

எல்லாமே யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டில் ஓடும் வேலை. 230 வோல்ட் வயர் எதுவும் இந்தப் பலகைக்குள் வரக்கூடாது.

ஒரே குமிழ், இரண்டு குணம்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரரிடம் 'ரோட்டரி' என்று மட்டும் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது.

ஒன்று செலக்டர் வகை. திருப்பினால் 'டக்' என்று ஓர் இடத்தில் நிற்கும், இரு ஓரங்களிலும் தடை இருக்கும். குமிழ் எங்கே நிற்கிறதோ அந்த முனை, எல்லா நிலைக்கும் பொதுவான காமன் முனையோடு தொட்டுக்கொண்டே இருக்கும். மேக்னெட்டோ சாவி (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை ஆஃப், வலது, இடது, இரண்டும், ஸ்டார்ட் என்று தேர்வது), எரிபொருள் தேர்வுக் குமிழ் போன்றவற்றுக்கு இதுதான் வேண்டும்.

மற்றொன்று என்கோடர். இதற்கு முடிவே இல்லை, சுற்றிக்கொண்டே போகலாம். தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. 'இந்தப் பக்கம் ஒரு படி நகர்ந்தேன்' என்று மட்டும் சொல்லும். ரேடியோ அலைவரிசை, திசைகாட்டிக் குறி, உயரமானியின் அழுத்தத் திருத்தம் ஆகியவற்றுக்கு இது.

செலக்டர் சொல்வது நிலை, என்கோடர் சொல்வது அசைவு. வயரிங், நிரல், சிமுலேட்டர் அமைப்பு எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. பலரும் பாதி வழியில் கைவிடுவது, நிலையை அசைவுபோல வயரிங் செய்துவிட்டு, குமிழ் ஒரு பக்கமும் திரையில் இருக்கும் சாவி வேறு பக்கமும் காட்டும்போதுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்

செலக்டரில் பரவலாகக் கிடைப்பது பன்னிரண்டு முனை கொண்ட பிளாஸ்டிக் உடல் வகை. ஒரே உடலில் நான்கு விதம் உண்டு ('போல்' என்பது pole, அதாவது தனித்தனிச் சுற்று): 1 போல் 12 நிலை, 2 போல் 6 நிலை, 3 போல் 4 நிலை, 4 போல் 3 நிலை. எதை எடுத்தாலும் ஒரு படிக்கு 30 பாகை. நம் வேலைக்கு 1 போல் 12 நிலை ஒன்றே போதும்; தேவையான அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

கணினியோடு பேச ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, 5 வோல்ட் வகை. அதிலுள்ள ஏடிமெகா 32யூ4 சிப் நேரடியாக யூஎஸ்பி பேசும் என்பதால், உரிய நிரலை ஏற்றினால் விண்டோஸ் அதை ஒரு ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும். ஊனோ ஆர்3 பலகையின் முதன்மைச் சிப்புக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் ஏற்கெனவே மெகா 2560 கிடந்தால் மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளோடு அதைப் பயன்படுத்தலாம்.

இவற்றோடு 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ளே ஓடும் 60/40 ஈயக் கம்பி, வெப்பத்தில் சுருங்கும் குழாய், பல இழை கொண்ட மெல்லிய வயர். பழைய கணினியிலிருந்து கழற்றிய ரிப்பன் கேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

லேன் கேபிளைப் பிரித்து எடுத்த ஒற்றைக் கம்பி வேண்டாம். நானும் அதைத்தான் பயன்படுத்தினேன், எட்டு நிறத்தில் கிடைக்கிறதே என்று. முதல் பலகையை ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா மகனிடம் காட்டுவதற்காக பஸ்ஸில் எடுத்துப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அவன் வீட்டு மேசையில் வைத்தபோது, 'இரண்டும்' என்ற நிலை மட்டும் செத்துப்போயிருந்தது. பற்றவைப்பு பளபளவென்று அப்படியே இருக்க, அதை ஒட்டினாற்போலக் கம்பி முறிந்து, மேலுறை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கம்பி ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்தால் அப்படித்தான் போகும்.

மிக்ஸி சுவிட்ச் போடலாமா

எல்லோருக்கும் ஒருமுறையாவது தோன்றும் யோசனை, எனக்கும் தோன்றியது. செஸ்னா சாவியின் கடைசி நிலையான ஸ்டார்ட், கையை எடுத்ததும் தானே திரும்பி வர வேண்டும். சாதாரண செலக்டரில் அந்த ஸ்பிரிங் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுப் பழைய மிக்ஸியின் குமிழில் பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் ஓடும், விட்டால் திரும்பிவிடும். ஆசையாகக் கழற்றி வைத்துப் பார்த்தேன். திசை தலைகீழ்: விமானத்தில் ஸ்டார்ட் வலக்கோடியில், மிக்ஸியில் அது இடக்கோடியில்.

அது கூடப் பரவாயில்லை. மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் போன்றவற்றின் முனைகள் பெரிய மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் பலகையில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. பெட்டியில் வைத்த வெள்ளிக் கொலுசு கருத்துப்போவதைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி முனையும் அதே போலக் கருக்கும். பெரிய மின்னோட்டம் அந்தப் படலத்தை எரித்துக்கொண்டு பாயும், சின்ன மின்னோட்டத்தால் முடியாது. அதனால் மிக்ஸி சுவிட்ச் மிக்ஸிக்கே திரும்பிப் போனது. ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஓர் அழுத்து பொத்தானைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

காமன் எது என்று கண்டுபிடித்தல்

சுவிட்சின் பின்புறம் வெளி வட்டத்தில் 1 முதல் 12 வரை எண்ணிட்ட முனைகள் இருக்கும். உள்ளே தனியாக நிற்பது காமன், பெரும்பாலும் அதற்கு ஓர் ஆங்கில எழுத்து குறித்திருக்கும். இருந்தாலும் அச்சை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு முள்ளைக் காமனிலும் மற்றொன்றை 1-ஆம் முனையிலும் வையுங்கள். குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு படியாக நகர்த்தி, எந்த முனை எந்தப் படியில் ஒலிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கமாகப் பார்க்கும்போது எண்கள் எதிர்த்திசையில் ஓடும். இந்தத் தாள் இல்லாமல் பற்றவைத்தால் நிச்சயம் குழம்புவீர்கள்.

புதிய சுவிட்சாக இருந்தாலும், சோதிக்கும் முன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்புங்கள். முனைகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு தாமே சுத்தமாகும்.

பன்னிரண்டை ஐந்தாக்குதல்

குமிழ்த் தண்டின் மரையைக் கழற்றி, அதன் அடியிலுள்ள பல் வாஷரையும் எடுத்தால், ஒரு சிறு நாக்கு உள்ள வளையம் தெரியும். இதுதான் தடை வளையம். முதலில் தண்டை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். பிறகு வளையத்தைத் தூக்கி, உதாரணமாக ஐந்து நிலை வேண்டுமென்றால், நாக்கை 5-ஆம் துளையில் இறக்கி மூடுங்கள். இப்போது சுவிட்ச் ஐந்து நிலையோடு நின்றுவிடும். தண்டை இடக்கோடிக்குக் கொண்டுபோகாமல் வளையத்தைப் போட்டால் கணக்கு தவறும். 'சுவிட்ச் கெட்டுப்போச்சு' என்று என்னிடம் வந்த இரண்டிலும் இதுதான் நடந்திருந்தது.

எரிபொருள் குமிழுக்கு ஒரு சின்ன தந்திரம். செஸ்னா 172எஸ் வகையில் அது இடது, இரண்டும், வலது என்று மூன்றே நிலை. ஆனால் கைப்பிடி அரை வட்டம் நகரும். முப்பது பாகைப் படியில் மூன்று நிலை வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். தடை வளையத்தை 7-இல் போடுங்கள். ஆறு படி, 180 பாகை. 1, 2 முனைகளைச் சேர்த்து 'இடது', 3, 4, 5 முனைகளைச் சேர்த்து 'இரண்டும்', 6, 7 முனைகளைச் சேர்த்து 'வலது'. கைக்கு நிஜம்போலத் தெரியும். கணினிக்கு மூன்று வயர் மட்டுமே போகும்.

முகப்புப் பலகை

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசரால் அக்ரிலிக் வெட்டித் தருவார்கள். செலக்டருக்கு 10 மில்லிமீட்டர், சாதாரண என்கோடருக்கு 7 மில்லிமீட்டர் துளை பொதுவாகச் சரியாக வரும். ஆனாலும் கையிலுள்ள சுவிட்சை வெர்னியர் வைத்து அளந்த பிறகே வரைபடம் கொடுங்கள். செலக்டரின் முகத்தில் ஒரு சின்ன முளை நிற்கும். உடல் சுழலாமல் பிடிப்பது அதுதான். அதற்கும் ஒரு துளை வேண்டும். அந்த முளையை வெட்டிவிட்டு மரையை மட்டும் இறுக்கினால், ஒரு வாரத்தில் சுவிட்ச் முழுவதும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்து, பின்னாலுள்ள வயரை எல்லாம் முறுக்கிவிடும்.

தண்டு நீளமாக இருந்தால் ரம்பத்தால் அறுக்கலாம். வைஸில் பிடிக்க வேண்டியது தண்டை, சுவிட்சின் உடலை அல்ல.

பற்றவைப்பு

எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என் முதல் சுவிட்சை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முனையிலும் ஈயம் மணி மணியாக உருண்டு உட்கார்ந்திருந்தது. "ஈயத்தைச் சுட்டிருக்கிறாய் தம்பி, பொருளைச் சுடவில்லை" என்றார். அவர் வாழ்நாள் முழுக்க ஊதுகுழலும் வெண்காரமுமாகப் பற்றவைத்தவர். இந்த வேலையின் மொத்தப் பாடமும் அந்த ஒரு வரிதான். அயர்ன் நுனி முனையையும் வயரையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு நொடி கழித்து ஈயக் கம்பியை அயர்னில் அல்ல, முனையில் வைக்க வேண்டும். அது தானாக ஓடிப் பரவினால் சரி. உருண்டு நின்றால் இன்னும் சூடு போதவில்லை என்று பொருள்.

அவரிடமிருந்து வெண்காரத்தை மட்டும் கடன் வாங்காதீர்கள். அது ஊதுகுழல் சூட்டுக்கானது. ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசினே இங்கே போதும்.

ஒரு முனையில் மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைத்தால் பிளாஸ்டிக் இளகி முனை சாயும். ஒன்று முடிந்ததும் எதிர்ப்பக்க முனைக்குப் போங்கள், சூடு ஆறட்டும். சுருங்கு குழாயை வயரில் முதலிலேயே கோத்துவிடுங்கள். இதை எழுதும் நானே நேற்றுகூட மறந்தேன். முடிந்தபின் வயர்களைச் சேர்த்துக் கட்டி, சுவிட்சுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பலகையில் ஒரு பிடி கொடுங்கள். இழுவை பற்றவைப்பின்மேல் விழக்கூடாது.

வயரிங்: முதலில் நேர்வழி

காமன் முனையிலிருந்து கருப்பு வயர், புரோ மைக்ரோவின் கிரவுண்டுக்கு (0 வோல்ட் முனை). ஒவ்வொரு நிலையின் முனையிலிருந்தும் ஒரு வயர், புரோ மைக்ரோவின் ஒவ்வொரு பின்னுக்கு (pin, இணைப்புக் கால்). தனி ரெசிஸ்டர் வேண்டாம். சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) நிரலில் இயக்கிவிட்டால் போதும். தொடாத பின் உயர்ந்து நிற்கும், தொட்ட பின் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். இறங்கியது எதுவோ அதுவே குமிழ் நிற்கும் இடம்.

பின் போதுமா என்ற கவலை எல்லோருக்கும் வரும். எண்ணிப் பாருங்கள்: மேக்னெட்டோவுக்கு நான்கு, எரிபொருளுக்கு மூன்று, ஸ்டார்ட் பொத்தானுக்கு ஒன்று, அழுத்து பொத்தானைச் சேர்க்காமல் இரண்டு என்கோடருக்கு நான்கு. ஆக பன்னிரண்டு. புரோ மைக்ரோவில் பயன்படுத்தத்தக்க பின் பதினெட்டு. ஸ்டார்ட் தனிப் பொத்தானுக்குப் போய்விட்டதால் சாவியில் நான்கு நிலைதான். தடை வளையத்தை 4-இல் போட்டுக்கொள்ளலாம். முதல் பலகைக்கு நேர்வழியே போதும்.

ஒரு பின்னை மிச்சப்படுத்த ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: 'ஆஃப் நிலைக்கு வயர் வேண்டாம், எதுவும் தொடவில்லை என்றால் ஆஃப் என்று வைத்துக்கொள்.' கேட்க அழகாக இருக்கும். நானும் செய்தேன். ஓடுபாதை முனையில் நின்று மேக்னெட்டோ சோதனைக்காகக் குமிழை ஒரு படி நகர்த்தும்போதெல்லாம் எஞ்சின் இருமியது. ஒரு மாலை முழுக்க எரிபொருள் கலவையைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி சுவிட்ச்தான். பெரும்பாலான செலக்டர்கள் பழைய முனையை விட்டபிறகே புதிய முனையைத் தொடும் வகை. நடுவே சில மில்லி நொடி எதையுமே தொடாது. அந்த இடைவெளியை நிரல் 'ஆஃப்' என்று எடுத்துக்கொண்டு இரண்டு மேக்னெட்டோவையும் அணைத்திருக்கிறது. ஆஃப்புக்கும் தனி வயர் கொடுங்கள். எதுவும் தொடாத நேரத்தில் பழைய நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும்படி நிரலில் எழுதுங்கள். புதிய நிலை 40 மில்லி நொடி அசையாமல் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே பின்னில் ஒரு சுவிட்ச்

பின் உண்மையிலேயே தீர்ந்துவிட்டால் ரெசிஸ்டர் ஏணி கட்டலாம். நான்கு நிலைச் சாவிக்கு, அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே ஒவ்வொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், மொத்தம் மூன்று. முதல் முனை கிரவுண்டுக்கு, கடைசி முனை 5 வோல்ட்டுக்கு. காமன் இப்போது கிரவுண்டுக்குப் போகாது. வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் அனலாக் பின் ஒன்றுக்குப் போகும். குமிழை நகர்த்தினால் அந்தப் பின் 0, 341, 682, 1023 என்ற எண்களை ஒட்டிக் காட்டும். இரண்டு எண்களுக்கு நடுவே எல்லை வகுத்துக்கொண்டால் நிலை தெரிந்துவிடும்.

அனலாக் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். குமிழ் எதையும் தொடாத அந்தச் சில மில்லி நொடியில் பழைய வோல்ட்டேஜை அது தாங்கி நிற்கும். நிரலில் எழுதியதை ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இங்கே தானாகச் செய்துவிடுகிறது.

பெரிய காக்பிட் கட்டுபவர்களுக்கு மட்டும்

பன்னிரண்டு நிலை சுவிட்ச் நான்கு வைத்தால் 48 முனை. அப்போது மேட்ரிக்ஸ், அதாவது வரிசையும் நெடுவரிசையுமாக வயர்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை. எல்லா சுவிட்சுகளின் 1-ஆம் முனைகளையும் ஒரே வரிசையாக, 2-ஆம் முனைகளை இன்னொரு வரிசையாகச் சேருங்கள். ஒவ்வொரு சுவிட்சின் காமனும் ஒரு தனி நெடுவரிசை. பன்னிரண்டும் நான்குமாகப் பதினாறு பின்னில் முடிந்துவிடும்.

பொத்தான் மேட்ரிக்ஸில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டயோட் (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வேண்டும் என்பார்கள். செலக்டர் ஒரு நேரத்தில் ஒரே முனையைத்தான் தொடும் என்பதால், காமன் வயரில் சுவிட்சுக்கு ஒன்று வீதம் 1என்4148 டயோட் போட்டாலே போதும். 48-க்குப் பதில் நான்கு. டயோட்டின் கோடு போட்ட பக்கம் நெடுவரிசைப் பின்னைப் பார்த்திருக்கட்டும். அதே மேட்ரிக்ஸில் சாதாரண டாகிள் சுவிட்சுகளையும் கலந்தால், அவற்றுக்கு மட்டும் தனித்தனி டயோட் கட்டாயம்.

என்கோடர்

மூன்று கால் உள்ள பக்கத்தில் நடுக்கால் கிரவுண்டுக்கு, ஓரக்கால் இரண்டும் இரண்டு பின்னுக்கு. எதிர்ப்பக்கத்து இரண்டு கால் குமிழை அழுத்தும் பொத்தான். வலப்பக்கம் திருப்பினால் எண் குறைகிறதா? ஓரக்கால் வயர்களை இடம் மாற்றுங்கள்.

ரேடியோவுக்கு இரட்டைக் குமிழ் என்கோடர் தேடி அலைய வேண்டாம். ஒற்றைக் குமிழையே அழுத்தினால் மெகாஹெர்ட்ஸ், மீண்டும் அழுத்தினால் கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். 25 கிலோஹெர்ட்ஸ் படியில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 40 படி. ஒரு சுற்றுக்கு 20 'டக்' என்றால் இரண்டு சுற்று, தாங்கும். திசைகாட்டிக் குறிக்கு அது தாங்காது: பின்பக்கம் திரும்ப 180 படி, ஒன்பது சுற்று. வேகமாகச் சுற்றும்போது ஒரு படியை ஐந்தாக எண்ணும்படி நிரலில் சேர்த்துவிடுங்கள்.

என்கோடரின் ஒவ்வொரு படியும் சிமுலேட்டருக்கு ஒரு பொத்தானை அழுத்திவிட்டது போலப் போக வேண்டும். அந்த அழுத்தம் 50 மில்லி நொடியாவது நீடிக்கட்டும். நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) ஓடும் கணினியில் ஒரு சட்டத்துக்கே 33 மில்லி நொடி ஆகிறது. அதைவிடக் குறுகிய அழுத்தம் சில நேரம் காணாமல் போய்விடும்.

சிமுலேட்டரில் இணைத்தல்

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சாளரத்தைத் திறந்து, குமிழைத் திருப்பும்போது ஒவ்வொரு விளக்காக மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே சரியில்லாதது சிமுலேட்டரில் சரியாகாது. பிறகு ஒவ்வொரு நிலையையும் அதற்குரிய கட்டளையோடு இணையுங்கள். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் மேக்னெட்டோவின் ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கட்டளை உண்டு. 'மேக்னெட்டோ அதிகரி, குறை' என்ற கட்டளைகளைத் தொடாதீர்கள். அவை நிலையை அசைவாக்கிவிடும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். சிமுலேட்டர் திறக்கும்போது குமிழ் ஏற்கெனவே 'இரண்டும்' நிலையில் நின்றால், அழுத்தியே இருக்கும் பொத்தானைப் புதிய அழுத்தமாக அது எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்கு மிச்சமிருக்கும் பின்களில் ஒன்றில் ஒரு சிறு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் எல்லா நிலைகளையும் கால் நொடி விட்டுவிட்டு மறுபடி அழுத்தும்படி நிரல் எழுதுங்கள். நான் அதைப் பலகையின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். பார்க்க வருபவர்களுக்குத் தெரியாது.

ஓடுபாதையில் சோதனை

கமலாபுரத்தில் 04 ஓடுபாதையின் முனையில் நில்லுங்கள். சேர்வராயன் மலை வலப்பக்கம் முன்னால் தெரியும். செஸ்னா 172எஸ் என்றால் எஞ்சினை 1,800 சுற்றுக்குக் கொண்டுவந்து, 'இரண்டும்' என்பதிலிருந்து 'வலது', மீண்டும் 'இரண்டும்', அடுத்து 'இடது', மீண்டும் 'இரண்டும்'. ஒவ்வொரு முறையும் சுற்று 150-க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வேறுபாடு 50-ஐத் தாண்டக்கூடாது. முள் ஒரே சீராக இறங்கி, ஒரே சீராக ஏறினால் உங்கள் வயரிங் சரி. இறங்கும் வழியில் ஒரு வெட்டு வெட்டினால் 40 மில்லி நொடிக் கணக்கை மறுபடி பாருங்கள்.

ஏற்காட்டுத் தம்பியும் இப்போது ஒரு பலகை கட்டிவிட்டான். அங்கே பனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவதால், மழைக்காலத்தில் குமிழ்கள் சில நாள் பேச மறுக்கின்றன. காக்பிட்டில் ஏறியதும் எல்லாக் குமிழ்களையும் பத்து முறை கோடிக்குக் கோடி திருப்புகிறான். அதற்கும் மசியாத ஒன்றுக்கு மட்டும் எச்சம் விடாமல் காயும் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. சித்திரை, வைகாசியில் இடி முழங்கினால் யூஎஸ்பியையும் கணினியையும் கையோடு பிடுங்கி வைத்துவிடுகிறான்.